எல்லாம் புரிந்த வகுப்பு

ரூபீனா மேடத்தின் வகுப்பு எங்கே நடக்கிறது என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மந்தைவெளியில் இருக்கும் அந்தக் கல்லூரியின் மாடிப்படியில் கால் வைத்தாலே சத்தம் காதில் விழும். பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. பட்டினப்பாக்கத்து மீன்கார வீட்டுப் பிள்ளைகள், மயிலாப்பூர்ச் சந்துகளின் தையல்கடை வீட்டுப் பிள்ளைகள், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் தொங்கிக்கொண்டு வருபவர்கள் என்று கலந்துகட்டிய கூட்டம். பாடம் புரியாவிட்டால் அங்கே யாரும் பவ்யமாகக் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பதில்லை. "ரிவர்ஸ் மேடம்" என்று ஒரு குரல் வரும். ஒருநாள் அஜித்குமார் என்ற பையன் லாரி கிளீனர் தொண்டையில் அப்படிக் கத்த, ரூபீனா சிரித்துத் தொலைத்துவிட்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது. அவளும் அலுத்துக்கொள்ளாமல் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், வேறொரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

புரிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போதுதான் சண்டையே ஆரம்பிக்கும்.

"விலை குறைஞ்சா வாங்கறது கூடும்" என்று அவள் பலகையில் கோடு இழுத்து முடிப்பதற்குள் அஸ்வினி எழுந்துவிடுவாள். அஸ்வினியின் அம்மா கங்கம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள்.

"அது இன்னா மேடம் அப்டி சொல்லிட்டீங்க? புரட்டாசி மாசத்துல எங்கம்மா பாதி வெலைக்குக் குடுக்கறேன்னு கூவினாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஒங்க கோடு அங்க எங்க போச்சு?"

"கோடு அங்கேயே நிக்காதும்மா. கோடே இந்தப் பக்கம் நகந்துடும். விலையால வர்ற மாற்றம் வேற, ஜனங்க மனசு மாறி வர்ற மாற்றம் வேற."

"அப்ப ஐப்பசி ஒண்ணாந் தேதி?" என்று பின்பெஞ்சு கேட்கும்.

"அன்னிக்கு கோடு ஓடி வந்துடும்" என்பாள் ரூபீனா. வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அஸ்வினி விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்பாள். பக்கத்து அறையில் ஆங்கில வழிக்காரர்களுக்குப் பாடம் எடுப்பவர் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்தப் பிள்ளைகள் தமிழ் வழியில் சேர்ந்தது மொழிப்பற்று பொங்கி வழிந்ததால் அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் படித்தார்கள். வேறு எதுவும் வராது. அதோடு, தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் தனி ஒதுக்கீடு உண்டு. நடுவில் ஒரு வருடம்கூட வழி மாறியிருக்கக் கூடாது என்பது விதி. அஜித்குமார் குரூப் டூ தேர்வுக்கு இப்போதே பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அஸ்வினிக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமாம். அவள் குடும்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ரூபீனாவும் அதே வழியில் வந்தவள்தான். வீட்டில் பேசுவது உருது. படித்தது முழுக்கத் தமிழ். மயிலாப்பூரில் மாநகராட்சிப் பள்ளி, பிறகு எம்.ஏ. வரைக்கும் தமிழ் வழிப் பொருளாதாரம். கணக்குப் போடுவது தமிழில், கோபப்படுவதும் தமிழில். "எங்க மருமக தூக்கத்துல உளர்றதுகூட தமிழ்லதான்" என்று ஆதம்பாக்கத்து வீட்டில் மாமியார் அமீனா பீ வருகிறவர்களிடமெல்லாம் குறைப்படுவார். ஆங்கிலப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் அவள் படித்துவிடுவாள். பேசச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கல்லூரியில் அவள் கெஸ்ட் லெக்சரர். பெயர்தான் விருந்தாளி. ஜூனில் கூப்பிடுவார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், மே மாதம் வெறுங்கை. அடுத்த ஜூனில் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்ற பயத்திலேயே அவள் இளமையில் பாதி கரைந்துவிட்டது. நல்ல வாத்தியார் என்ற பெயர் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில்கூட ஒன்றும் வாங்க முடியாது.

இந்த வருடம் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியானது. துறைத் தலைவர் ஜெயராம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மயிலாப்பூரில் பரம்பரையாக இருக்கிற வீட்டு மனிதர். வகுப்பில் ஆங்கிலம், அறைக்குள் வந்தால் அவர்கள் வீட்டுத் தமிழ்.

"ஆத்துல சொல்லிண்டே இருப்பேன், நம்ம டிபார்ட்மெண்ட்ல பாடம் எடுக்கத் தெரிஞ்சவா ஒருத்தர்தான்னு. இந்த போஸ்ட் ஒங்களுக்குத்தான் வரணும். ஆனா ஒண்ணு, டெமோ கிளாஸ் இங்கிலீஷ்லதான் எடுக்கணும். அது மேனேஜ்மெண்ட் கண்டிஷன். வெளியிலேர்ந்து ரெண்டு எக்ஸ்பர்ட் வரா."

"சார், எனக்கு..."

"தெரியும், தெரியும். தெரியாத மொகமா இருந்தா தடுமாறிடுவேள். அதனால ஒங்க பசங்களையே ஒக்கார வெச்சுடறேன். பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன்."

"அவங்களுக்கு இங்கிலீஷ்ல ஒண்ணும் புரியாதே சார்."

"அரை மணி நேரந்தானே. மறுநாள் தமிழ்ல எடுத்துட்டாப் போச்சு. அவா பரீட்சை எழுதறதா இருக்கு? பரீட்சை ஒங்களுக்கு."

மனிதர் நல்லதைத்தான் நினைத்தார். இந்தக் கதையில் கெட்டது நினைத்தவர்கள் யாரும் இல்லை. அதுதான் இதிலுள்ள கோளாறு.

ரூபீனா வகுப்பில் போய் விஷயத்தைச் சொன்னாள். நாளை மறுநாள் செமினார் ஹாலில் ஆங்கிலத்தில் எடுப்பேன், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பிறகு தமிழில் சொல்லித் தருகிறேன் என்றாள்.

"அப்ப ஒங்க போஸ்ட்டு கன்ஃபார்ம் ஆயிடுமா மேடம்?" என்றான் அஜித்குமார்.

"ஆனா ஆகும்."

"நீங்க ஒண்ணியும் யோசிக்காதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

பிள்ளைகள் எல்லோரும் ஒரு மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபீனாவுக்கு அது உறைக்கவில்லை. அவள் மனதுக்குள் அப்போதே ஆங்கில வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை கணவன் ஷோயப்பை எதிரில் உட்கார வைத்துப் பாடம் எடுத்துப் பார்த்தாள். ஷோயப்புக்குத் தி.நகரில் ஒரு மொபைல் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த காலை நீட்டிக்கொண்டு கேட்டான். தேநீர் விலை ஏறினால் காப்பிக்குத் தேவை எப்படிக் கூடும் என்பதுதான் உதாரணம். புத்தகத்தில் இருப்பது. புரட்டாசியையும் பாதி விலை மீனையும் ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. முடித்ததும் அவன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான்.

"சரியா இருக்கா?" என்றாள். அவர்கள் பேசியது உருதுவில்.

"தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நீ பேசற மாதிரியே இல்ல. வேற யாரோ பேசற மாதிரி இருக்கு."

அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

செமினார் ஹாலில் ஏ.சி. ஓடியது. முன்வரிசையில் கல்லூரி முதல்வர் அம்மா, வெளியிலிருந்து வந்த நிபுணர்கள், ஜெயராம். பின்னால் அவள் பிள்ளைகள். அவள் ஒரு கணம் திகைத்துப் போனாள். சட்டையை எப்போதும் வெளியே விட்டுக்கொண்டு திரியும் அஜித்குமார் இன் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். அஸ்வினி தலையை இழுத்துச் சீவி, மடியில் கை வைத்துக்கொண்டு, யாரோ பெண் பார்க்க வந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ரூபீனா ஆரம்பித்தாள். முதல் சில நிமிடங்கள் குரல் ஆடியது; பிறகு மனப்பாடம் கைகொடுத்தது. தேநீர், காப்பி, கோடு. கோடு எங்கே நகர்கிறது என்ற இடம் வந்தது. ஒவ்வொரு வருடமும் வகுப்பு தடுக்கி விழும் இடம் அது. தமிழில் எடுத்தாலே ஐந்தாறு முறையாவது ரிவர்ஸ் போக வேண்டியிருக்கும். அவள் பழக்கத்தில் சற்று நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. எல்லாத் தலைகளும் ஆடின. முன் பெஞ்சு, நடு பெஞ்சு, கடைசி பெஞ்சு என்று ஒரே சீராக, புரிந்தது புரிந்தது என்று ஆடின.

இவர்களுக்குப் புரிந்தால் இப்படியா இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா. புரிந்தால் சண்டை போடுவார்கள். இந்த அமைதி அவள் அவர்களிடம் ஒருநாளும் பார்க்காதது. முந்தாநாள் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்போது அவளுக்கு விளங்கியது.

நிபுணர்களில் ஒருவர் பின்னால் திரும்பி, பாடத்தைத் தொடர முடிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ் சார்" என்று மொத்த வகுப்பும் சொன்னது. அவர் மகிழ்ந்துபோய், சந்தேகம் எதுவும் இல்லையா என்றார். அஸ்வினி எழுந்து நின்றாள்.

"மேம், வாட் ஆர் த டிடர்மினன்ட்ஸ் ஆஃப் டிமாண்ட்?"

ஒரு சொல் பிசகவில்லை. தேவையைத் தீர்மானிப்பவை எவை என்ற, கைடு புத்தகத்தின் முதல் கேள்வி. மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது கேட்டுவிடப் போகிறார்களே என்ற பயம் கண்ணில் தெரிய நின்றாள். ரூபீனா கைடு புத்தகத்தின் பதிலையே சொன்னாள்.

"தேங்க் யூ மேம். வெரி கிளியர்" என்று சொல்லிவிட்டு அஸ்வினி உட்கார்ந்தாள்.

ரூபீனா நினைத்திருந்தால் அந்த நிமிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். புரட்டாசி என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அத்தனை வாயும் திறந்திருக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு அடுத்த கோட்டை வரைந்தாள். வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

வெளியே வராண்டாவில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்டி மேடம் நம்ம பெர்ஃபாமன்ஸ்?" என்றான் அஜித்குமார். சட்டையை அதற்குள் வெளியே எடுத்துவிட்டிருந்தான்.

"ஒரு வார்த்தையாவது புரிஞ்சுதாடா உங்களுக்கு?"

"ஒண்ணியும் புரில மேடம். இப்ப அது இன்னாத்துக்கு?"

"இவ கேட்ட கேள்வி?"

"எங்க சித்தப்பா பையன் ராபர்ட்டு கால் சென்டர்ல கீறான் மேடம்" என்றாள் அஸ்வினி. "அவன்தான் சொல்லிக் குடுத்தான். குளிக்கச்சொல்லோ, சாப்டச்சொல்லோ அதையே சொல்லிக்கினு இருந்தேன். எங்கம்மா, இன்னாடி மந்திரம் இதுன்னு பயந்துக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ரூபீனாவும் சிரித்தாள். தன் வயிற்றில் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. நியமன ஆணையைக் கையில் கொடுக்கும்போது முதல்வர் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"எக்ஸ்பர்ட்ஸ் அசந்துட்டாங்க ரூபீனா. தமிழ் மீடியம் பசங்க இங்கிலீஷ்ல இவ்வளவு நல்லா ஃபாலோ பண்றாங்கன்னு நானே எதிர்பார்க்கல. தனியா ஒரு செக்‌ஷன், தனியா ஒரு கொஸ்டின் பேப்பர், இதெல்லாம் எதுக்குன்னு மேனேஜ்மெண்ட் ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்க. நான்தான் பசங்க பாவம்னு தள்ளிப் போட்டுட்டு வந்தேன். இப்ப நீங்களே ப்ரூவ் பண்ணிட்டீங்க. வர்ற செமஸ்டர்ல இருந்து ரெண்டு செக்‌ஷனையும் ஒண்ணாக்கிடலாம். அவங்களுக்கும் நல்லதுதானே."

ரூபீனாவின் கையில் ஆணை இருந்தது. அவர்களுக்குப் புரியவில்லை அம்மா, என் மேலுள்ள பிரியத்தில் தலையாட்டினார்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் டெமோ பொய், ஆணை பொய். பிள்ளைகளுக்கும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பெயர். இப்படி ஒவ்வொன்றாக அவள் எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடிப்பதற்குள் முதல்வர் அம்மா கை நீட்டிவிட்டார். அவளும் நீட்டினாள். பிள்ளைகளின் பெயர் கெடுமே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அவள் பயந்தது தன் மே மாதத்துக்குத்தான்.

ஜெயராம் மாடிப்படியில் அவளை நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"இப்படி ஆகும்னு சத்தியமா நெனைக்கலை. நான் சொல்லிப் பாத்தேன், எடுபடலை. ஒங்களுக்கு ரெண்டு வருஷம் ப்ரொபேஷன். அதுவரைக்கும் நீங்க வாயே தெறக்காதீங்கோ, கேட்டேளா?"

தமிழ் வழி அறையைப் பூட்டிவிட்டார்கள். மேல்மாடிப் பெரிய ஹாலில் பிள்ளைகள் கடைசி வரிசைகளில் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஹாலில் கேமரா இருந்தது. அதற்குக் காதும் கேட்கும் என்று சொன்னார்கள். ரூபீனா ஆங்கிலத்தில் எடுத்தாள். முன்வரிசையில் ஆங்கில வழிக்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். கடைசி வரிசைகள் தலையாட்டின. முதல் நாள் அவள் அதைப் பழக்கதோஷம் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, ப்ரொபேஷன் விஷயம் அவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது என்று. ரிவர்ஸ் என்று ஒருவன் கத்தினால் மேடத்துக்கு ஆபத்து என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவள் நிறுத்திக் கேட்டாலும் புரிகிறது என்றார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும், போகப் போக வந்துரும் மேடம் என்றார்கள்.

கல்லூரி விட்ட பிறகு தமிழில் சொல்லித் தருகிறேன் என்று சில நாள் உட்கார வைத்தாள். நிரந்தர ஆசிரியை ஆன பிறகு நிரந்தரமாக வேலையும் வந்து சேர்ந்தது. இன்று கமிட்டி, நாளை ஆய்வு, அடுத்த நாள் தேர்வுப் பணி. பிள்ளைகள் வராண்டாவில் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டார்கள். அவளும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

முதலில் படிப்பை விட்டு நின்றவன் அஜித்குமார். பட்டம் ஆங்கில வழி என்று ஆகிவிட்டால் ஒதுக்கீடு கிடையாது என்று யாரோ அவனுக்கு உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தேனாம்பேட்டை சிக்னலில் ஒருநாள் அவள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் நின்றிருந்தான். "நல்லாக்கீறீங்களா மேடம்?" என்று கேட்டான். பச்சை விழுந்ததும் போய்விட்டான்.

தேர்வு முடிவு வந்தது. கடைசி வரிசைகளில் முக்கால்வாசிப் பேர் தோல்வி. ரூபீனா அவர்கள் விடைத்தாள்களைத் திருத்தும்போதே பார்த்தவள்தான். புரியாத சொற்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து எழுதி, நடுவில் ஒன்று மறந்துபோக, அதோடு பேனாவை வைத்துவிட்டிருந்தார்கள். அஸ்வினியின் தாளில் முதல் பக்கம் மட்டும் நிரம்பியிருந்தது. மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு, அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

கல்லூரி திறந்த பிறகு ஒரு மதியம் அஸ்வினி ஆசிரியர் அறைக்கு வந்தாள். டி.சி. வாங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். இப்போது வகுப்பாசிரியர் ரூபீனாதான்.

"எதுக்கு டி.சி.? அரியர் எழுதலாம்ல?"

"எத்தினி தபா எழுதறது மேடம். எழுதனாலும் அதே இங்கிலீஷ்தான? தி.நகர்ல ஒரு ஜவுளிக் கடைல வரச்சொல்லிக்கீறாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, முன்ன மாதிரி கூடை தூக்க முடில."

"நான் சொல்லித் தரேன். தினமும் வா. எங்க வீட்டுக்கே வா. எல்லாத்தையும் தமிழ்ல சொல்லித் தரேன்."

இந்தப் பேச்சை அஸ்வினி போன பருவத்திலும் கேட்டிருக்கிறாள். கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் மேல கோபமாடி உனக்கு?" என்றாள் ரூபீனா. குரல் உடைந்துவிட்டது.

அஸ்வினி பதறிப் போனாள். "ஐய, இன்னா மேடம் நீங்க. ஒங்க மேல எங்களுக்கு இன்னா கோவம்?" என்று கிட்டே வந்தாள். ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்: "நாங்கதான மேடம் புரியுதுன்னு சொன்னோம். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

ரூபீனா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. அவள் அதை முழுக்க நம்பித்தான் சொல்லியிருந்தாள். பிறகு விண்ணப்பத்தை மேசையில் வைத்து, மேடத்துக்கு வசதியாக அதைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

ரூபீனா கையெழுத்துப் போட்டாள்.